என் பொழுதுபோக்கு நூல் வாசித்தல்

1

என் மகள் ஷர்மினியின் பொழுதுபோக்கு நூல் வாசித்தலாம். இதைக் கண்டுபிடித்தவர் என் நாத்தனார். ஆயுசு முழுக்கத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது.

ஷர்மினிக்குப் பதினெட்டு வயது. டிஸ்லெக்ஸியா. அச்சடித்த ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால், நாம் அதைப் படித்து முடித்து, காபி குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்போது அவள் மூன்றாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதே பக்கத்தை யாராவது வாசித்துக் காட்டினால் ஒரு தடவை போதும். ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும் அப்படியே சொல்வாள். இந்தப் பெண்ணுக்குப் பொழுதுபோக்கு நூல் வாசிப்பு என்றால், எனக்குப் பொழுதுபோக்கு இமயமலை ஏறுவது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்தோடு நான் மலேசியாவின் ஜொகூருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அதை ஞாபகம் வைத்திருந்து நாமக்கல்லிலிருந்து தம்பி போன் செய்தான். ஊரில் அவனும் அவன் சிநேகிதர்களும் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்துகிறார்கள்.

"அக்கா, ஃபாரின் வாழ்க்கை பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க்கா. ட்வின் டவரு, பீச்சு, அங்க ரோடெல்லாம் எப்பிடி சுத்தமா இருக்குது, அந்த மாதிரி."

ட்வின் டவர் இருப்பது கோலாலம்பூரில். நான் இருப்பது கூலாயில். நடுவில் அரை நாள் பஸ் பயணம். இத்தனை வருடத்தில் இரண்டு தடவை அதைப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் ஊரிலிருந்து வந்தவர்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பதற்காக. எங்கள் வீட்டுக்கு முன்னால் செம்பனைத் தோட்டம், பின்னால் நெடுஞ்சாலை. விடிந்ததும் செனாய் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஃபேக்டரி பஸ். என் கணவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறார். இவ்வளவுதான் ஃபாரின். தம்பி, நீ கேட்டதை எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன், பிடித்தால் போடு.

2

நாமக்கல்லைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முட்டைக்கும் மதிப்பெண்ணுக்கும் பேர் போன ஊர். இரண்டையும் ஒரே முறையில்தான் தயாரிக்கிறார்கள். கூண்டில் அடை, விளக்கை அணைக்காதே, வேளா வேளைக்குத் தீனி போடு. நானும் அப்படி விடுதியில் அடைபட்டுப் படித்தவள்தான். வேதியியல் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை ஒப்பிப்பேன். இன்றைக்கு அதில் ஒரு வரி ஞாபகமில்லை. என் மதிப்பெண் மட்டும் ஞாபகமிருக்கிறது, அதுவும் அப்பா இன்னும் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதால்.

அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தம்பி எனக்கு யோசனை சொன்னான். எஸ்.பி.எம். முடிவு வந்த நாள் அது. எஸ்.பி.எம். என்பது இங்கே பள்ளிப் படிப்பை முடிக்கும் தேர்வு. ஷர்மினி மலாயிலும் வரலாற்றிலும் தேறியிருந்தாள். மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி.

"பேசாம இங்க அனுப்பிடுங்க்கா. மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஒரு இன்ஜினியரிங் சீட்டு போட்டரலாம். கம்ப்யூட்டர் சயின்ஸே போட்டரலாம்."

"அவளுக்கு வாசிக்கறதுதாண்டா கஷ்டம்."

"அட, இங்க எவனுங்க்கா வாசிக்கறான்?"

இதில் உண்மை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பெண்ணையும் அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ள மனசு வரவில்லை.

ஷர்மினிக்கு ஏர்கோன் படிக்க வேண்டும். ஏர்கோன் என்றால் உங்கள் ஏ.சி. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டு ஏர்கோன்களைக் கழுவிச் சுத்தம் செய்துகொடுப்பார். ஏணி பிடிக்கக் கூடப் போனவள், இப்போது அவரை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறுகிறாள். அங்கே வாசிப்பதற்கு ஒன்றுமில்லை. கழற்றியதை எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசையில் மாட்ட வேண்டும், அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜொகூரிலேயே ஓர் அரசாங்கச் சமூகக் கல்லூரியில் இதற்குச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. பாதி நேரம் பட்டறை, பாதி நேரம் வகுப்பு. பட்டறையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. வகுப்பில்தான் விஷயம். தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்ட ஆளும், எழுதக் கூடுதல் நேரமும் கிடைத்தால் அவள் முடித்துவிடுவாள். கிடைக்காவிட்டால் முதல் தவணையிலேயே, அதாவது முதல் செமஸ்டரிலேயே, பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவாள், அப்புறம் காலம் பூராவும் ஃபேக்டரி பஸ்தான்.

பள்ளியில் இந்த உதவிகளை எல்லாம் கேட்டு வாங்கியது நான். ஒவ்வொரு வருடமும் புது ஆசிரியர் வருவார், நான் போய் நின்று முதலிலிருந்து விளக்கிச் சண்டை போடுவேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கல்லூரியில் அது நடக்காது. அங்கே அம்மாவை உள்ளே விட மாட்டார்கள். அவளே வாயைத் திறந்து, எனக்கு இது வராது, இந்த உதவி வேண்டும் என்று கேட்க வேண்டும். பதினெட்டு வயது வரை அவள் அதை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை.

3

உதவி கேட்க ஒரு கார்டு உண்டு. ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. டிஸ்லெக்ஸியாவும் அதில் ஒரு பிரிவு. அந்தப் பிரிவின் மலாய்ப் பெயரில் 'மசாலா' என்று ஒரு சொல் வரும், பிரச்சினை என்று அர்த்தம். ஊரிலிருந்து வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் செய்கிற அந்த மசாலா ஜோக்கை நீங்களும் செய்யாதீர்கள். இருபது வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஷர்மினிக்குப் பதினைந்து வயதில் அந்தக் கார்டை எடுத்தேன். அரசாங்க மருத்துவமனையில் முதலில் ஒரு டாக்டர். அவர் இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். இரண்டாமவர் பார்த்து முடிப்பதற்குள் மாற்றலாகிப் போய்விட்டதால் திரும்பவும் முதலாமவர். கடைசியில் நலத்துறை அலுவலகத்துக்குப் போனால், கவுண்டரில் இருந்த அம்மாள் என் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்பாக் நோர்மல் ஜெ" என்றார். பார்த்தால் சாதாரணமாகத்தானே இருக்கிறாள் என்று பொருள். பார்த்ததும் தெரிய இது என்ன அம்மையா என்று கேட்க நினைத்தேன். கோபம் வந்தால் என் மலாய் என்னை விட்டுவிட்டு ஓடிவிடும், அதனால் கேட்கவில்லை.

என் மலாய் மீன்காரரிடமும் கிளினிக் நர்சிடமும் காதால் பொறுக்கியது. எழுத்து ஆங்கில எழுத்துதான், கூட்டி வாசித்துவிடுவேன். ஆனால் அரசாங்கக் கடிதத்தில் வருகிற மலாய் எனக்குப் பாதிகூடப் புரியாது. ஷர்மினிக்குப் புரியும், வாசிக்க வராது. ஆகவே எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தால் நான் சத்தமாக வாசிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே அர்த்தம் சொல்வாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கடிதத்தைப் படிக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

என்னிடமும் ஒரு கார்டு இருக்கிறது. சிவப்பு அடையாள அட்டை. இந்த ஊரில் இருந்துகொள், ஆனால் இந்த ஊர்க்காரி இல்லை என்று சொல்கிற கார்டு. அது கிடைத்த அன்று நாத்தனார் வீட்டில் பாயாசம் வைத்துக் கொண்டாடினார்கள். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம், இங்கே வந்த பிறகு அண்ணி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். அதே அண்ணி, ஷர்மினியின் கார்டைப் பார்த்ததும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாசற்கதவைச் சாத்தினார்.

"இந்தக் கார்டெல்லாம் எதுக்குலா? பொம்பளப் பிள்ளை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா என்னாவும்?"

"என்னாகும் அண்ணி?"

"உனக்கு ஒண்ணும் புரியல. ஓகேயூன்னு பேரு வந்துருச்சுன்னா போவாது. இவளுக்கு ஒண்ணும் இல்ல, சோம்பேறி, அவ்வளவுதான். எங்கிட்ட ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா ரோத்தான்ல சரி பண்ணிருப்பேன்."

ரோத்தான் என்றால் பிரம்பு, லா என்பது இங்கே பேச்சில் ஒட்டிக்கொள்கிற வால். அண்ணி பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பிரம்பு அவரை விட்டு வரவில்லை.

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். இந்த வருடமும் அதே பேச்சைத்தான் பேசினார், கூட ஓர் உதாரணம் சேர்த்துக்கொண்டு. "என் பேத்தி கயலையும்தான் பாரேன். எட்டு வயசாவுது, எழுதச் சொன்னா வயிறு வலிக்குதுன்னு பாத்ரூம்ல போயி உக்காந்துக்கறா. ரெண்டு போட்டா வலி எங்க போச்சுன்னே தெரியாது. எல்லாம் நடிப்பு."

அவர் இப்படிப் பேசும்போது என் கணவர் தன் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறார், இன்னும் கிடைக்கவில்லை.

4

கல்லூரி தேடும் காலத்தில் ஜொகூர் பாருவில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் கல்விக் கண்காட்சி வைப்பார்கள். அதற்கும் போனோம். உள்ளே நுழைந்ததும் பலூன். பலூனுக்குக் கீழே டை கட்டிய பையன்கள், எதிரே வருகிற பிள்ளைகளைச் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி மறித்துப் பிடித்தார்கள்.

ஒரு தனியார் கல்லூரிக்காரப் பையன், நம்மவன்தான், ஷர்மினியைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டிப்ளமா இன் பிசினஸ் எடுக்கலாம் ஆண்டி. லேப்டாப் ஃப்ரீ."

"இவளுக்கு டிஸ்லெக்ஸியா தம்பி. பரீட்சையில கேள்விய வாசிச்சுக் காட்ட ஆள் இருக்கா உங்க காலேஜ்ல?"

"நோ ப்ராப்ளம் ஆண்டி! எங்க காலேஜ்ல எல்லாரும் பாஸு."

"அது சரி. வாசிக்க ஆள் இருக்கா?"

"லேப்டாப்புல வாசிக்கலாம் ஆண்டி. ஃப்ரீ."

மூன்றாம் முறையும் கேட்டேன். அவன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் கையில் கொடுத்தான். அதில் வெற்றி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த மண்டபம் முழுக்க இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு சுற்றினேன். போத்தலும் பையும் சாவிக்கொத்தும் கிடைத்தன, பதில் கிடைக்கவில்லை. ஷர்மினி பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ம்மா, கேட்டதையே கேக்காத. அவங்களுக்குத் தெரியல. விடு," என்றாள்.

"தெரியலன்னு சொல்லட்டுமே. சொன்னா வாய் வலிக்குமா?"

"நானும்தான் ஸ்கூல்ல தெரியலன்னு சொன்னதில்ல," என்று முனகினாள். 

5

சமூகக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது என் கணவர். அனுப்பி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, மனிதர் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

"முதல்ல உள்ள நுழையட்டும்மா. கார்ட அப்புறமா காட்டிக்கலாம். அக்காவும் அதான் சொன்னாங்க."

"உள்ள நுழைஞ்சு? ஃபெயிலாயி வெளிய வந்தப்புறம் காட்டுவீங்களா?"

"இல்லலா. கார்டப் பாத்து வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஷர்மினி இரண்டு பக்கமும் சோறு போட்டாள், ஒரு பக்கமும் சேரவில்லை. தன்பாட்டுக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். கைபேசியை எழுத்துக்கு மேலே காட்டினால் அது வாசித்துச் சொல்கிற வசதியைப் பழகினாள். அப்பா விளக்குவதைப் பதிவு செய்து, துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பஸ் பலகை வாசிக்கிற வேலையே வேண்டாமென்று, கல்லூரிக்குத் தனியாகப் போய்ப் போய் வழியில் இருக்கிற பெட்ரோல் நிலையத்தையும் பள்ளிவாசலையும் மனசில் வாங்கிக்கொண்டு வந்தாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் அண்ணி களத்தில் இறங்கினார். தன்னறிமுக உரை ஒன்றை மலாயில் தயார் செய்து, தானே பேசி, குரல் பதிவாக அனுப்பினார். என் பெயர் இன்னது, என் தந்தை பெயர் இன்னது, நான் ஒழுக்கமான மாணவி, நாட்டுக்குச் சேவை செய்வது என் லட்சியம், என் பொழுதுபோக்கு நூல் வாசித்தல்.

இந்த உரை உங்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாமக்கல்லில் நானும் ஆங்கிலத்தில் இதையே சொன்னேன். வகுப்பில் அத்தனை பேருக்கும் பொழுதுபோக்கு நூல் வாசிப்புதான். பாடப்புத்தகம் தவிர ஒரு துண்டுக் காகிதத்தை வாசித்தாலும் விடுதியில் பிடுங்கிக்கொள்வார்கள், அது வேறு விஷயம். கடல் தாண்டி வந்து நாலு தலைமுறை ஆனவர்களும் அதே வரியை மலாயில் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழன் எதை விட்டாலும் இந்த வரியை விட மாட்டான்.

ஷர்மினி ஒரு தடவை கேட்டாள். உரை மனப்பாடம் ஆகிவிட்டது. அண்ணி வீட்டுக்கு வந்து ஒப்பிக்கச் சொன்னபோது, ஏற்ற இறக்கம் உட்பட அண்ணியின் குரலிலேயே ஒப்பித்தாள். அண்ணிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"அத்தை, நான் புக்கே வாசிக்கறதில்லையே," என்றாள் கடைசியில்.

"கேக்கறவனுக்குத் தெரியவா போவுது? எல்லாரும் அதான் சொல்லுவாங்க. சொன்னாதான் மதிப்பு."

6

கல்லூரியில் நேர்முகம் நடந்தது தரைத்தளத்தில் ஒரு வகுப்பறையில். இங்கே பழைய கட்டடங்களில் ஜன்னலுக்குக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கியிருப்பார்கள். திறந்துவிட்டால் உள்ளே பேசுவதெல்லாம் நடைபாதையில் கேட்கும். பெற்றோருக்கு நாற்காலி தூரத்தில் மரத்தடியில் போட்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். என் கணவரும் வந்து நின்றார், என்னைப் பிடித்து நிறுத்த. கார்டு என் கைப்பையில் இருந்தது.

உள்ளே பேசியதெல்லாம் மலாய். தமிழில் தருகிறேன், துவான் மட்டும் துவானாகவே இருக்கட்டும், ஐயா என்று அர்த்தம். விரிவுரையாளர் ஒருவர், மலாய்க்காரர், நடுத்தர வயது. ஷர்மினி எழுந்து நின்று உரையைத் தொடங்கினாள். ஒழுக்கமான மாணவி வந்தது. நாட்டுக்குச் சேவை வந்தது. அப்புறம் அதுவும் வந்தது.

"நூல் வாசிப்பா? அபூர்வம்!" என்றார் அவர், நிஜமாகவே சந்தோஷப்பட்டு. "இந்தக் காலத்தில் யார் வாசிக்கிறார்கள்? கடைசியாக என்ன வாசித்தாய்?"

"என் பெயர்..." என்று ஷர்மினி மறுபடியும் உரையின் தொடக்கத்துக்குப் போனாள்.

"பரவாயில்லை, கூச்சப்படாதே. இதோ, நம் துறைப் புத்தகம். இந்தப் பத்தியை வாசி, பேசுவோம்."

மேசையில் புத்தகம் நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஷர்மினியின் குரல். ஒரு சொல். இடைவெளி. அதே சொல் திரும்ப. இன்னொரு சொல்லின் பாதி. மேலே மின்விசிறி கடகடத்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியின் மேல், அந்த வரியின் மேல், அதை எழுதிக்கொடுத்த முதல் வாத்தியார் மேல், பக்கத்தில் நிற்கிற இந்த மனிதர் மேல்.

"நான் உள்ள போறேன்."

"வேணாம்மா. இரு."

"விடுங்க கைய."

"அக்கா சொன்னது தப்பாப் போச்சு," என்றார் அவர்.  கையை மட்டும் விடவில்லை.

அப்போது உள்ளே புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும் துவான். நூல் வாசிப்பு என் பொழுதுபோக்கு இல்லை. எங்க அத்தை சொல்லிக் கொடுத்தது." மூச்சு வாங்கினாள். "எனக்கு டிஸ்லெக்ஸியா. வாசிக்கச் சொன்னால் இப்படித்தான் வரும். நீங்க வாசிங்க. அதில் என்ன இருக்குன்னு நான் சொல்றேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"இதை ஏன் விண்ணப்பத்தில் போடவில்லை?"

"வெட்கம் துவான். எனக்கு இல்லை. வீட்டில் இருக்கறவங்களுக்கு."

என் கணவர் கையை விட்டார்.

"கார்டு இருக்கிறதா?"

"அம்மாகிட்ட இருக்கு."

"அம்மா எங்கே?"

"ஜன்னலுக்குக் கீழே."

அவர் சிரித்தது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவிலிருந்து என் பெண்ணின் கை வெளியே நீண்டது. "ம்மா, கார்டு குடு," என்றாள் தமிழில், உப்பு டப்பாவை எடுத்துக் கொடு என்று சொல்கிற மாதிரி. கொடுத்தேன். 

பிறகு அவர் வாசித்தார். வீட்டுக்குள் ஏர்கோன் ஏன் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒரு பத்தி. அவள் வரிசையாகத் திருப்பிச் சொன்னாள்: அழுக்கு சேர்ந்தால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் உள்ளே பனிக்கட்டி பிடிக்கும், அது உருகிச் சொட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் போகிற குழாய் அடைத்திருக்கும். போன வாரம் ஒரு வீட்டில் அந்தக் குழாய்க்குள் பல்லி செத்துக் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னாள். புத்தகத்தில் பல்லி இல்லை என்றார் அவர். அடுத்த தடவை போடச் சொல்லுங்கள் என்றாள் என் மகள்.

வாசித்துக் காட்ட ஆள் தருவோம், நேரமும் தருவோம், ஆனால் ஒவ்வொரு தவணையும் நீயே வந்து கேட்க வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார்.  திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் கணவர், "நல்லாப் பேசுனம்மா," என்றார் அவளிடம். மனிதர் அவ்வளவு பேசியதே அதிகம்.

7

இடம் கிடைத்த கடிதத்தை நான் வாசித்தேன், அவள் அர்த்தம் சொன்னாள். அடுத்த வாரமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அண்ணி மேசை மேசையாகப் போய்ச் செய்தியைப் பரப்பிவிட்டார். தான்தான் பயிற்சி கொடுத்தாராம், தன்னுடைய உரைதானாம்.

எங்கள் மேசைக்கும் வந்தார். "நான் சொல்லிக் குடுத்த மாதிரியே பேசினியாடா?"

"பேசினேன் அத்தை. பொழுதுபோக்க மட்டும் மாத்திட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு மாமா, எஸ்.பி.எம். இவ்வளவு சுமாராக எடுத்துவிட்டு எப்படி இடம் கிடைத்தது என்று கேட்டார். நம்மவர்கள் பாயாசம் வரும்வரை கூடப் பொறுக்க மாட்டார்கள்.

"எனக்கு டிஸ்லெக்ஸியா மாமா. ஓகேயூ கார்டு காட்டினேன். கேள்விய வாசிச்சுக் காட்டுவாங்க," என்றாள் ஷர்மினி, அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

 "அலமாக், பிள்ளை சும்மா விளையாடுது," என்று அண்ணி சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் எழுந்து போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கார் நிறுத்தத்துக்கு வந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னாலேயே வேகமாக யாரோ வருகிற சத்தம். திரும்பினால் அண்ணி. பட்டுப்புடவையில் வியர்வை. என்னைப் பார்க்கவில்லை, ஷர்மினியிடம் பேசினார். குரல் மட்டும் அதே டீச்சர் குரல்.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க கேட்டாங்க. அந்த டெஸ்டு எங்க எடுக்கணும், யாரப் பாக்கணும்னு. சொன்னா அவங்ககிட்ட சொல்லிருவேன்."

எனக்குள் எல்லாம் தயாராக இருந்தது. ரெண்டு போட்டால் வலி போய்விடும் என்றீர்களே அண்ணி. ரோத்தான் எங்கே அண்ணி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்னாகும் அண்ணி. வருடக்கணக்காகச் சேர்த்து வைத்தது, நாக்கு நுனியில் வந்து நின்றது.

"ம்மா, நீ கார்ல உக்காரு," என்றாள் ஷர்மினி.

உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டேன்.

"அவங்க பிள்ளைக்கு எத்தனை வயசு அத்தை?"

"எட்டு."

"எழுதச் சொன்னா வயிறு வலிக்குதுன்னு சொல்லுதா?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன்.

"அது நடிப்பு இல்ல அத்தை. எனக்கும் வலிச்சுச்சு," என்றாள். "பேனா இருக்கா? நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க."

அண்ணி கைப்பையைத் துழாவி ஒரு பேனா எடுத்தார். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி எங்கள் காரின் மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். ஷர்மினி மனசிலிருந்தே சொல்லத் தொடங்கினாள், முதலில் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே என்ன கேட்பார்கள், கயலுக்கு அன்றைக்கு என்ன சாப்பிடக் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டும் என்பது வரை. அண்ணியின் பேனா பின்தங்கியது. ஒரு சொல்லை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினார். எழுத்து கோணலாகப் போனது.

"இரு, இரு. முதல்ல சொன்னது என்ன?"

ஷர்மினி முதலிலிருந்து சொன்னாள்.

"மெதுவா எழுதுங்க அத்தை," என்றாள். "டைம் இருக்கு."